டிஸ்க் மாற்றியாயிற்று, பிறேக் பாட் எது?

"அண்ணை, துளை போட்ட புது டிஸ்க் இரண்டு பக்கமும் மாத்தினனான். அதுக்குப் பிறகுதான் பிறேக் முந்தியிலும் மோசமாக் கிடக்கு."

யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ ஒரு கராஜில் அரை நாள் இருந்தால் இப்படி ஒரு முறைப்பாட்டைக் கேட்காமல் வரமுடியாது. பெரும்பாலும் டிஸ்க்கில் பிழை இருக்காது. டிஸ்க்குக்கு ஐம்பதாயிரம், அறுபதாயிரம் என்று செலவழித்தவர், பிறேக் பாட் வாங்கும்போது கையில் மிச்சமிருந்த காசுக்கு எது கிடைத்ததோ அதை வாங்கியிருப்பார். அல்லது பழைய பாட்டையே திரும்பவும் போட்டிருப்பார். இன்னும் சிலர் "ரேஸ் பாட்" என்று பெட்டியில் எழுதியிருந்ததை நம்பி வாங்கியிருப்பார்கள். கடைசி வகைதான் ஆபத்தில் கூடியது. ஏன் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி அனுமதி கிடைத்தது 2025 பெப்ரவரியில். அதன் பிறகும் வரியோடு சேர்ந்த விலை சாதாரண குடும்பத்துக்கு எட்டாததாகவே இருக்கிறது. ஆகவே இருக்கிற வாகனத்தைத் திருத்தி, மேம்படுத்தி ஓடுவதுதான் வழி. அந்தக் கலை எங்களுக்குப் புதிதல்ல. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையின்போது சில துளி பெற்றோலில் எஞ்சினைக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடிய சனம் நாங்கள். உதிரிப்பாகம் இல்லாத இடத்தில் எதையாவது வெட்டிப் பொருத்தி வண்டியை ஓடவைத்த கைகள் இன்னும் எங்கள் கராஜ்களில் இருக்கின்றன. ஆனால் அந்தக் காலத்து மொரிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40யும் நான்கு சில்லிலும் ட்ரம் பிறேக் கொண்டவை. குழி விழுந்த வீதியில் அவை ஓடிய வேகமும் குறைவு. இன்றைய ஏ9 வீதியில் 90 கிலோமீற்றரில் போகும் வாகனத்துக்கு அந்தச் சமாளிப்பு பொருந்தாது.

பிறேக் செய்யும் வேலையை முதலில் விளங்கிக்கொண்டால் மீதி எளிது. ஓடும் வாகனத்தின் சக்தியை வெப்பமாக மாற்றுவதுதான் அதன் வேலை. உராய்வைத் தருவது பாட். வெப்பத்தின் பெரும்பகுதியை வாங்கிப் பிடித்து காற்றுக்கு விடுவது டிஸ்க். 1500 கிலோ நிறையுள்ள கார் ஒன்று மணிக்கு 100 கிலோமீற்றரிலிருந்து முழுமையாக நிற்கும்போது ஏறக்குறைய 580 கிலோ யூல் சக்தி வெப்பமாகிறது. அதில் கூடுதலான பங்கு முன் சில்லுகளுக்குப் போகும். ஏழு கிலோ நிறையுள்ள முன் டிஸ்க் ஒன்று அந்த ஒரே நிறுத்தலில் சுமார் 60 பாகை செல்சியஸ் கூடிவிடும். சமதரையில் இது பெரிய பிரச்சினை இல்லை. அடுத்த தடவை பிறேக் போடுவதற்குள் ஆறிவிடும்.

மலைநாட்டுக்குப் போகும்போதுதான் கணக்கு மாறுகிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1900 மீற்றர் உயரம். அங்கிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும்போது சுமார் 1400 மீற்றர் கீழே வருகிறோம். ஆட்களோடும் பொதிகளோடும் 2500 கிலோ நிறையுள்ள ஹயஸ் வான் அந்த இறக்கத்தில் விடவேண்டிய சக்தி 34 மெகா யூல் அளவில் வரும். அதே வான் 60 கிலோமீற்றரிலிருந்து நூறு தடவை நின்றால் என்ன வெப்பம் வருமோ, அதற்குச் சமம். எஞ்சினும் காற்றுத்தடையும் அதில் ஒரு பங்கை எடுக்கும். கியரைக் குறைக்காமல் காலைப் பிறேக்கிலேயே வைத்திருந்தால் மிச்சமெல்லாம் டிஸ்க்குக்கும் பாட்டுக்கும்தான். வல்வெட்டித்துறையிலோ மன்னாரிலோ வருடம் முழுக்க ஓடி, ஒரு முறை சுற்றுலாவுக்கு மலையேறும் வானுக்கு இந்தச் சோதனை அந்த ஒரு நாளில்தான் வருகிறது. அன்றைக்கு வானுக்குள் பன்னிரண்டு பேர் இருப்பார்கள்.

டிஸ்க் எது வாங்கினீர்கள்?

பாட் தெரிவு டிஸ்க்கிலிருந்து தொடங்கவேண்டும். துளையிட்ட டிஸ்க் பார்வைக்கு நல்லது, மழை நீரையும் தூசியையும் விலக்க உதவும். ஆனால் துளை போட்ட இடத்தில் இரும்பு இல்லை. இரும்பு குறைந்தால் வெப்பத்தைப் பிடிக்கும் திறனும் குறையும். கடும் சூட்டில் துளையின் ஓரத்திலிருந்து வெடிப்பு தொடங்குவதும் உண்டு. மலிவான வார்ப்பு என்றால் இன்னும் விரைவாக. கீறல் வெட்டிய டிஸ்க் பாட்டின் மேற்பரப்பைச் சுரண்டிச் சுத்தமாக வைத்திருக்கும். பாட் சற்று விரைவாகத் தேயும், கொஞ்சம் இரைச்சல் வரும். அதிக காபன் கலந்த வார்ப்பிரும்பில் செய்த, துளையோ கீறலோ இல்லாத, உட்காற்று வழிகள் உள்ள தடித்த டிஸ்க்தான் எங்கள் பாவனைக்கு ஆக நல்லது என்பது என் அபிப்பிராயம். பலருக்கு அது பிடிக்காது, ஏனென்றால் வெளியில் இருந்து பார்த்தால் மேம்படுத்தியது தெரியாது.

துளையிட்ட டிஸ்க் போட்டவர்கள் மிக மென்மையான ஒகானிக் பாட்டைத் தவிர்ப்பது நல்லது. துளையின் விளிம்பு அதைச் சீவும், தூள் துளைக்குள் அடையும். கீறல் வெட்டியதற்கு நடுத்தர வகை செமி மெற்றாலிக் நன்றாகப் பொருந்தும். சாதாரண முகம் கொண்ட தடித்த டிஸ்க்குக்கு எதுவும் பொருந்தும், அங்கே உங்கள் ஓட்டம்தான் தீர்மானிக்கும்.

பெரிய விட்டமுள்ள டிஸ்க் போட்டவர்களுக்கு வேறொரு கவலை. 255 மில்லிமீற்றருக்குப் பதில் 275 மில்லிமீற்றர் போட்டால் முன் பிறேக்கின் பிடி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கூடும். பின்னால் இருக்கும் ட்ரம் அப்படியே இருக்கும். அதற்குமேல் கடுமையாகப் பிடிக்கும் பாட்டையும் முன்னால் போட்டால் ஈர வீதியில் முன் சில்லுகள் முந்திக்கொண்டு இறுகிவிடும். ஏ.பி.எஸ். இல்லாத பழைய வாகனத்தில் ஸ்ரியறிங் வேலை செய்யாத நிலை அது. டிஸ்க் பெரிதானால் பாட் நடுத்தரமாக இருக்கட்டும். பாட்டின் முகம் முழுவதும் டிஸ்க்கில் படுகிறதா என்பதையும் பாருங்கள். விளிம்புக்கு வெளியே இரண்டு மில்லிமீற்றர் தொங்கினாலும் அந்தப் பகுதி தேயாமல் நின்று பிறகு முட்டும்.

பெட்டியில் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும்

கடைகளில் மூன்று பெயர்கள் கேட்கும். ஒகானிக் பாட்டில் நார்கள், இறப்பர், பிசின் கலந்திருக்கும். மென்மை, சத்தம் குறைவு, குளிர்ந்த நிலையிலேயே நன்றாகப் பிடிக்கும். நீண்ட இறக்கத்தில் சூடேறினால் முதலில் கைவிடுவதும் அதுதான். செமி மெற்றாலிக்கில் உலோகத்தின் பங்கு நிறையில் மூன்றில் ஒன்று முதல் மூன்றில் இரண்டு வரை வரும். சூட்டைத் தாங்கும், டிஸ்க்கைக் கூடுதலாகத் தேய்க்கும், கறுப்புத் தூள் றிம்மில் ஒட்டும், காலையில் கீச்சிடும். செரமிக் என்பது தூள் குறைந்த, அமைதியான, நீண்ட நாள் உழைக்கும் வகை. ஆனால் வெப்பத்தைக் கடத்துவது குறைவு. நல்ல செரமிக் பாட்டுக்கும் "செரமிக்" என்று அச்சடித்த பெட்டிக்கும் இடையே பெரிய தூரம் உண்டு.

பெயரைவிட நம்பக்கூடியது பாட்டின் ஓரத்திலோ பின்தகட்டிலோ அச்சிட்டிருக்கும் குறியீடு. எழுத்தும் எண்ணுமாக ஒரு நீண்ட வரி இருக்கும். அதன் முடிவில் இரண்டு ஆங்கில எழுத்துகள் சேர்ந்து வரும். முதலாவது எழுத்து சாதாரண சூட்டில் உராய்வு எவ்வளவு என்பதையும், இரண்டாவது கடும் சூட்டில் எவ்வளவு என்பதையும் சொல்கின்றன. 'ஈ' என்றால் உராய்வுக் குணகம் 0.25 முதல் 0.35 வரை. 'எஃப்' 0.35 முதல் 0.45 வரை. 'ஜி' 0.45 முதல் 0.55 வரை. இரண்டு எழுத்தும் 'எஃப்' ஆக இருப்பது குடும்ப வாகனத்துக்கு நல்ல தெரிவு. இரண்டும் 'ஜி' என்றால் கூர்மையாகப் பிடிக்கும். முதலாவது 'ஜி', இரண்டாவது 'ஈ' என்று இருந்தால் மலைப்பாதைக்கு அதை வாங்கவேண்டாம், சூடேறச் சூடேறப் பிடி குறைகிறது என்பதே அதன் பொருள். இந்த எழுத்து தரத்தைச் சொல்வதில்லை, உராய்வை மட்டுமே சொல்கிறது. எவ்வளவு நாள் உழைக்கும், சத்தம் போடுமா என்பதெல்லாம் அதில் இல்லை. ஐரோப்பியச் சந்தைக்குச் செய்த பாட்களில் வட்டத்துக்குள் 'ஈ' எழுத்தும் 'ஆர்90' என்ற இலக்கமும் இருக்கும். அவை அசல் பாட்டோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டவை. அந்த அடையாளம் உள்ளதைக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தும் வாங்கலாம்.

இப்போது அந்த "ரேஸ் பாட்" கதை. பந்தயத்துக்கான பாட் சரியாக வேலை செய்ய 150, 200 பாகைக்கு மேல் சூடாகவேண்டும். பந்தயத்தில் முதல் சுற்றிலேயே அந்தச் சூடு வந்துவிடும். பருத்தித்துறை வீதியில் காலை ஏழு மணிக்குப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்கப் போகும் காரில் அது ஒருபோதும் வராது. ஒழுங்கையிலிருந்து சைக்கிள் ஒன்று குறுக்கே வரும்போது பிறேக் குளிர்ந்துதான் இருக்கும். அந்த முதல் அழுத்தலுக்குப் பிடிக்காத பாட் எவ்வளவு விலையானாலும் வேண்டாம்.

அழுத்தும் கால்

பாட் வாங்கும்போது யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: இந்த வாகனத்தை ஓட்டுவது யார்? ஒரே அளவு பிடி கிடைக்க வேண்டுமானால் உராய்வு குறைந்த பாட்டைக் கூடுதல் பலத்தோடு அழுத்தவேண்டும். 0.42 உள்ள பாட்டை எடுத்துவிட்டு 0.30 உள்ளதைப் போட்டால் காலுக்கு 40 வீதம் கூடுதல் வேலை. நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கு இது "பிறேக் கொஞ்சம் கட்டையாக் கிடக்கு" என்ற ஒரு சொல்லோடு போய்விடும்.

போரில் வலது காலை இழந்து செயற்கைக் காலோடு ஓட்டுபவருக்கு, அல்லது காலில் இன்னும் சன்னத்துண்டோடு நாள் முழுக்க வாடகை வண்டி ஓட்டுபவருக்கு அது அப்படியல்ல. செயற்கைக் காலில் கணுக்காலின் உணர்வு இல்லை. எவ்வளவு அழுத்துகிறோம் என்பது தொடையிலும் இடுப்பிலும்தான் தெரியும். நெம்புகோல் பொருத்திக் கையால் பிறேக் போடுபவருக்கும் இதே நிலைமை. இப்படியானவர்களுக்குக் குளிர்ந்த நிலையிலேயே பிடிக்கிற, அழுத்தத்துக்கு ஏற்பப் படிப்படியாகக் கூடுகிற பாட் வேண்டும். நல்ல ஒகானிக், அல்லது இரண்டும் 'எஃப்' எழுத்துள்ள செரமிக். 'ஜி' வகையில் பிடி திடீரென்று வருவதால் அளவாக அழுத்துவது கடினம். கராஜில் வண்டியை விடும்போது இதை வெட்கப்படாமல் சொல்லுங்கள். பாட் மாற்றிய பிறகு வேறொருவர் ஓடிப் பார்த்துவிட்டு "சரி" என்று சொல்வதை ஏற்கவேண்டாம். நீங்களே வெறும் வீதியில் ஓடிப் பாருங்கள்.

ஹைபிரிட் வாகனக்காரருக்குத் தனியாகச் சொல்லவேண்டும். பிரியஸ், அக்வா, ஹைபிரிட் அக்சியோ போன்றவற்றில் மெதுவாகப் பிறேக் போடும்போது பெரும்பாலான வேலையை மோட்டோர் செய்து பற்றரிக்குச் சக்தியைத் திருப்பிக் கொடுக்கிறது. பாட் அதிகம் வேலை செய்வதில்லை. ஆகவே தேய்வதும் குறைவு. ஆனால் எங்கள் உப்புக்காற்றில் டிஸ்க் துருப்பிடிக்கும், கலிப்பரின் சறுக்கு ஊசிகள் இறுகும். இந்த வாகனங்களுக்குச் சூடு தேவைப்படும் கடினப் பாட் சுத்தமாகப் பொருந்தாது. அசல் வகையை ஒத்ததே போதும். மலையிறங்கும்போது பலருக்குத் தெரியாத விடயம் ஒன்று உண்டு. பற்றரி நிரம்பியதும் மோட்டோரின் உதவி குறைந்துவிடும். அதுவரை சும்மா இருந்த பாட் திடீரென்று முழுப் பாரத்தையும் ஏற்கவேண்டிவரும். கியர்க் கம்பியில் 'பி' என்ற எழுத்து இருப்பது அந்த நேரத்துக்குத்தான். இறக்கம் தொடங்கும்போதே அதற்கு மாற்றினால் எஞ்சின் வாகனத்தைப் பிடித்துக்கொள்ளும்.

வாடகைக்கு ஓடும் வான்களுக்கு நான் பரிந்துரைப்பது தடித்த சாதாரண டிஸ்க்கும் தரமான செமி மெற்றாலிக் பாட்டும். றிம் கறுக்கும், காலையில் முதல் இரண்டு தடவை கீச்சிடும். அது பரவாயில்லை. கூடவே பிறேக் ஒயிலையும் மாற்றுங்கள். புதிய டொட் 3 ஒயில் 205 பாகைக்குக் கீழே கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சிப் பழசான பிறகு அது 140 பாகைக்கே இறங்கிவிடலாம். டொட் 4 புதிதில் 230, ஈரமேறினால் 155. ஒயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழி வரும், மிதி தரைவரை போகும், எந்த விலையான பாட்டும் அப்போது உதவாது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றினால் போதும். டொட் 5 என்பது சிலிக்கன் வகை, மற்றவற்றோடு கலக்கக்கூடாது. டொட் 5.1 வேறு, அதைக் கலக்கலாம். இந்தப் பெயர்க் குழப்பத்தால் கடையில் பிழையாக எடுத்துத் தருவதும் நடக்கிறது.

பூட்டுவதும் பதப்படுத்துவதும்

புதிய டிஸ்க்கில் துருப்பிடிக்காமல் எண்ணெய் பூசியிருப்பார்கள். பிறேக் கிளீனரால், அது இல்லாவிட்டால் சவர்க்கார நீரால் கழுவி நன்றாகக் காயவிட வேண்டும். சில்லு பூட்டும் குடத்தின் முகத்தில் துரு இருந்தால் கம்பித் தூரிகையால் சுரண்டி எடுக்கவேண்டும். அந்தத் துருவில் ஒரு முடியளவு இருந்தாலும் டிஸ்க் சாய்ந்து சுற்றும். பழைய பாட்டைப் புதிய டிஸ்க்கோடு போடவேண்டாம். பழைய டிஸ்க்கின் வரிகள் அதன் முகத்தில் பதிந்திருக்கும். ஒரே அச்சில் இரண்டு பக்கமும் ஒரே வகைதான் வேண்டும். டிஸ்க் பழசு என்று லேத்தில் சீவக் கொடுப்பவர்கள், ஆகக் குறைந்த தடிப்பு டிஸ்க்கின் ஓரத்திலேயே பொறிக்கப்பட்டிருப்பதைப் பாருங்கள். அதற்குக் கீழே போனதைக் குப்பையில் போடுவதுதான் சரி.

அடுத்தது பலர் தவறவிடும் வேலை. புதிய பாட்டும் புதிய டிஸ்க்கும் முதல் நாளில் ஒன்றோடொன்று பழகவில்லை. பாட்டின் மெல்லிய படலம் ஒன்று டிஸ்க் முகத்தில் சமமாகப் படியவேண்டும். அதிகாலையில் வெறிச்சோடிய நேரான வீதி ஒன்றுக்குப் போங்கள், மாடுகள் படுத்திருக்காத வீதியாக இருக்கட்டும். 60 கிலோமீற்றரிலிருந்து 15 வரை நடுத்தரமாக அழுத்திக் குறையுங்கள். நிற்கவேண்டாம். மறுபடி வேகமெடுத்து இதையே எட்டுப் பத்துத் தடவை செய்யுங்கள். பிறகு பத்து நிமிடம் பிறேக்கைத் தொடாமல் மெதுவாக ஓடி ஆறவிடுங்கள். பாட் செய்த நிறுவனம் வேறு முறை சொல்லியிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். சூடாக இருக்கும்போது மிதியை அழுத்தியபடி நின்றால் பாட் நின்ற இடத்தில் அதன் முத்திரை டிஸ்க்கில் ஒட்டிவிடும். பிறகு பிறேக் போடும்போதெல்லாம் ஸ்ரியறிங் நடுங்கும். "டிஸ்க் வளைஞ்சு போச்சு" என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகும் பலருடைய டிஸ்க் வளையவில்லை. படலம்தான் மேடுபள்ளமாகப் படிந்திருக்கிறது. தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் இன்னொரு முறை ஒழுங்காகப் பதப்படுத்தினாலே சரியாகிவிடலாம்.

முதல் மலைப்பயணத்தில் இறக்கம் முடிந்ததும் நிறுத்தி நான்கு சில்லுக்கும் அருகில் கையைப் பிடித்துப் பாருங்கள், தொடவேண்டாம். முன்னால் இரண்டும் ஏறக்குறைய ஒரே சூடாக இருக்கவேண்டும். ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் கலிப்பர் இறுகியிருக்கிறது, பாட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. புதிய பாட்டின் தடிப்பு பெரும்பாலும் 10 மில்லிமீற்றருக்கு மேல் இருக்கும், 3 மில்லிமீற்றருக்கு வந்ததும் மாற்றவேண்டும்.

வாங்கும் இடம் பற்றி. கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லி வாங்குபவர்கள் எங்களில் அதிகம். பாட்டின் குறியீடு தெரியும்படி ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள், அதைப் பார்த்த பிறகு காசு அனுப்புங்கள். பெட்டி அசல்போல இருந்தும் பாட்டின் ஓரத்தில் எந்த எழுத்தும் இல்லையென்றால், பின்தகடு மேசையில் வைத்தால் ஆடினால், உராய்வுப் பகுதிக்கும் தகட்டுக்கும் இடையே நகம் நுழையும் அளவு இடைவெளி இருந்தால் திருப்பிக் கொடுங்கள். பிறேக் போட்ட நேரத்தில் அந்தப் பகுதி தகட்டிலிருந்து கழன்று விழுந்தால், மிஞ்சுவது இரும்போடு இரும்புதான்.

பழைய கடைகளின் தட்டில் வருடக்கணக்காகக் கிடக்கும் மலிவான பாட்டையும் லைனரையும் பற்றி ஒரு வார்த்தை. முன்னர் பிறேக் பொருட்களில் அஸ்பெஸ்ரஸ் பரவலாகக் கலக்கப்பட்டது. எல்லா வகை அஸ்பெஸ்ரஸும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எங்கள் கராஜ்களில் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் சில்லைக் கழற்றியதும் காற்றுக் குழாயைப் பிடித்துத் தூளை ஊதித் தள்ளுவதை இன்றும் பார்க்கலாம். ஊதவேண்டாம். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போடச் சொல்லுங்கள்.